பாலித்தீன் கவர்களைத் தனியே பெற்றுக்கொள்ளும் சேவை: கறாராக இருப்பதால் நம்பலாம்

வீட்டில் சேரும் பாலித்தீன் கவர்களையும், பொருள்களைச் சுற்றி வரும் மெல்லிய நெகிழித் தாள்களையும் வாசலிலேயே பெற்றுக்கொண்டு மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பும் சந்தாச் சேவை ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே முறையில் இயங்கும் சேவைகள் பல நாடுகளில் இருப்பதால், எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று சொல்வதுதான் சேர நினைப்பவருக்குப் பயன் தரும். என் முடிவு இது: சேவை கறாரானது, சில சமயம் எரிச்சலூட்டும் அளவுக்குக் கறாரானது, நாம் கொடுப்பதில் ஒரு பங்கை நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது, அப்படிச் செய்வதால்தான் மீதியையாவது அது உண்மையாகவே மறுசுழற்சிக்கு அனுப்புகிறது என்று நம்ப முடிகிறது.

கவர்களை வழக்கமான மறுசுழற்சித் தொட்டியிலேயே போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள், தரம்பிரிக்கும் நிலையத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காகிதம், அட்டை, பாட்டில், டப்பா எல்லாம் கலந்து வரும் குவியல் அங்கே சுழலும் வட்டுகளை வரிசையாகப் பொருத்திய சல்லடையின் மேல் ஓடும். தட்டையான அட்டைகள் மேலாகவே நகர்ந்து செல்ல, சிறிய பொருள்கள் வட்டுகளின் இடைவெளியில் விழுந்து பிரியும். மெல்லிய கவர் மட்டும் இரண்டு வழியிலும் போகாமல் வட்டுகளைத் தாங்கும் தண்டில் சுற்றிக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி, கடைசியில் இடைவெளியையே அடைத்துவிடும். அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஆட்கள் இயந்திரத்துக்குள் இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். பல நிலையங்களில் இது அன்றாட வேலை. ஆகவே, கவருக்குத் தனி வழி வேண்டும் என்பது இந்நிறுவனங்கள் வியாபாரத்துக்காகக் கட்டிய கதை அன்று.

சேவையின் நடைமுறை எளிது. சேர்ந்தவுடன் வாயில் கயிறு கோத்த பெரிய பை ஒன்றும், எவையெவை ஏற்கப்படும் என்று அச்சிட்ட தாள் ஒன்றும் வருகின்றன. பை நிறைந்ததும் செயலியில் பதிவு செய்தால் ஊழியர் வந்து எடுத்துக்கொண்டு, வெறும் பை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எடை விவரம் பிறகு வருகிறது. சொன்ன நாளில் ஆள் வராமல் போனதும் உண்டு. மன்னிப்புக் கேட்டு வரும் செய்தி ஒவ்வொரு முறையும் ஒரே வாசகமாக இருந்தது. கவருக்கு எடை கிடையாது, ஆனால் இடம் ஏராளமாக வேண்டும். அறையின் மூலையில் உப்பி நிற்கும் பையைத் தினமும் தாண்டிப் போகிற வீட்டாருக்குச் சில நாள் தாமதமும் பெரிதாகத்தான் தெரியும்.

இச்சேவையின் உயிர்நாடி வாசலில் நடக்கும் சோதனைதான். ஊழியர் பையைத் திறந்து கையை விட்டு அளைந்து பார்க்கிறார். சந்தேகம் வந்த தாளை இரண்டு கைகளின் கட்டைவிரல்களுக்கும் சுட்டுவிரல்களுக்கும் இடையில் பிடித்து மெதுவாக இழுக்கிறார். அது நீண்டு, இழுத்த இடத்தில் வெளுத்து, குழைந்து கொடுத்தால் பைக்குள் போகிறது; விறைத்து நின்று சட்டென்று கிழிந்தால் நம் கைக்கே திரும்பி வருகிறது. நீள்வது பாலித்தீன், கிழிவது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற வேறு வகை நெகிழி, அல்லது பல அடுக்குகளை ஒட்டிச் செய்த தாள். காதாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். கசக்கினால் சரசரக்கும் மெல்லிய கைப்பிடிப் பை அடர்த்தி மிகுந்த பாலித்தீன், பழைய பொருள் வியாபாரத்தில் எச்.எம். என்று சொல்லப்படுவது, சத்தமில்லாமல் மெத்தென்று மடிகிற தடித்த உறை அடர்த்தி குறைந்த பாலித்தீன், அதாவது எல்.டி. இவை இரண்டும் ஏற்கப்படும். காற்றுக் குமிழி வைத்த பொதித்தாளும், பெட்டிகளை இறுகச் சுற்றி வரும் ஒளிபுகும் தாளும் அப்படியே. பளபளவென்று தெளிவாக இருந்து, கசக்கிப் போட்டாலும் தானாக விரிந்துகொள்ளும் தாள் வேண்டாம். உட்புறம் வெள்ளியாக மின்னும் பொட்டலத்தை எவ்வளவு சுத்தம் செய்து நீட்டினாலும் வேண்டாம்.

நெகிழிப் பொருள்களில் அச்சிடும் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலித்தீன், 4 என்றால் அடர்த்தி குறைந்தது. எண் அச்சிட்டிருந்தால் வேலை சுலபம்தான். ஆனால் மெல்லிய தாள்களில் பெரும்பாலும் எண்ணே இருப்பதில்லை. அமெரிக்க நெகிழித் தொழில் சங்கம் 1988இல் கொண்டுவந்த அந்தக் குறியீடு, பொருள் எந்த வகைப் பிசினால், அதாவது எந்த நெகிழி மூலப்பொருளால் ஆனது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. அதைச் சுற்றியிருந்த அம்புகளைப் பார்த்து, மறுசுழற்சி செய்யத்தக்கது என்று உலகமே எண்ணிக்கொண்டதால், அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக்கும்படி 2013இல் தரவிதி திருத்தப்பட்டது; பழைய அம்புகள் இன்னும் அச்சில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நிறுவனத்தின் தாள் இதை நான்கே வரிகளில் தெளிவாக விளக்குகிறது. இத்தகைய துண்டறிக்கைகளை எழுதுபவர்கள் பொதுவாகப் படங்களை நம்பிச் சொற்களைக் கைவிட்டுவிடுவார்கள். இதை எழுதியவர் அப்படிச் செய்யவில்லை.

இத்தனை கறாருக்கும் காரணம் ஆலையின் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. ஆலைக்குப் போகும் கவர்கள் துண்டாக்கப்பட்டு, கழுவப்பட்டு, நீர் நிரம்பிய நீளத் தொட்டியில் விடப்படும். பாலித்தீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1 கிராமுக்கும் குறைவு என்பதால் அது மிதக்கும், பி.வி.சி.யும், பாட்டில் செய்யும் பெட் நெகிழியும் அதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கனமானவை என்பதால் மண், கல்லுடன் சேர்ந்து மூழ்கிவிடும். மேலே மிதப்பதை வழித்தெடுத்தால் பாலித்தீன் கையில். கேட்பதற்கு அழகான ஏற்பாடு. ஆனால் பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி சுமார் 0.90 என்பதால் அதுவும் கூடவே மிதந்து வந்துவிடும். தண்ணீரால் பிரிக்க முடியாத அதை வாசலில் விரல்கள்தான் பிரிக்க வேண்டும். பல அடுக்குத் தாளின் கதை இன்னும் சிக்கலானது: பாலித்தீன் ஓர் அடுக்கு, பெட் அல்லது நைலான் ஓர் அடுக்கு, நடுவில் அலுமினியப் படலம் என்று ஒட்டிச் செய்திருப்பதால், எந்தப் பக்கம் கணக்கு வைப்பது என்று தொட்டிக்குத் தெரியாது.

தவறி உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை உருகும் வெப்பநிலைகளே சொல்லிவிடும். அடர்த்தி குறைந்த பாலித்தீன் ஏறத்தாழ 110 பாகை செல்சியஸிலும், அடர்த்தி மிகுந்தது 130 பாகையிலும் உருகும். பாலிபுரோப்பிலீனுக்கு 160 பாகை ஆகும். பெட்டுக்கு 250 பாகை வேண்டும். பாலித்தீனை உருக்கித் தள்ளும் இயந்திரம் வழக்கமாக 200 பாகையை ஒட்டி ஓடும்போது, பெட் துண்டுகள் உருகாமல் திப்பியாக நின்று வடிகட்டும் வலையை அடைத்துவிடும். பி.வி.சி. உருகுவதற்கு முன்பே சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விட ஆரம்பித்து, இயந்திரத்தின் உலோகத்தையே அரிக்கும். சூரிய வெளிச்சத்தில் பொடிந்துபோகும்படி உலோக உப்பு சேர்த்து, சூழலுக்கு உகந்தது என்று எழுதி விற்கப்படும் பைகளும் உண்டு. அவை பார்வைக்கும் தொடுதலுக்கும் சாதாரணப் பாலித்தீனாகவே இருந்து, மிதந்து போய்க் கலந்து, புதிதாகச் செய்யும் பையின் ஆயுளையும் சேர்த்துக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் நெறியாணையில் அவற்றைத் தடை செய்து, 2021 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. மாவுச்சத்து கலந்த மக்கும் பைகளையும் நிறுவனம் வாங்குவதில்லை. பொறுப்போடு மக்கும் பை வாங்கிய ஒருவரின் பையை ஊழியர் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊழியர் செய்வதுதான் சரி.

சுத்தம் பற்றிய விதி எனக்குத் தொடக்கத்தில் மிகையாகப் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. 20 மைக்ரான் தடிமனுள்ள பாலித்தீன் தாளில் ஒரு கிலோ எடுத்து விரித்தால் ஒரு பக்கம் மட்டும் 54 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். இவ்வளவு பரப்பில் ஈரமோ பிசுக்கோ மெல்லிய படலமாக ஒட்டினாலே, பொருளின் எடைக்கு அழுக்கின் எடை போட்டியாக வந்துவிடும். ஒரு கிலோ பாட்டிலுக்கு இந்தப் பிரச்சினை இந்த அளவில் கிடையாது. அதனால்தான் ஈரமான கவரைப் போடாதீர்கள், எண்ணெய் பட்டதைத் தொடவே தொடாதீர்கள், தூசியை உதறி உலர வைத்துக் கொடுங்கள் என்கிறார்கள். உலர்ந்த கவரைக் கழுவத் தேவையில்லை என்றும் தாளில் சொல்லியிருப்பது நல்ல விஷயம். தண்ணீரை வீட்டில் ஒரு முறையும் ஆலையில் ஒரு முறையும் செலவழிப்பதில் பொருளில்லை.

எனக்கு அலுப்புத் தட்டிய வேலை ஒன்று உண்டென்றால் அது ஒட்டுத்தாள்களை நீக்குவதுதான். கூரியரில் வரும் கவரின் மேல் முகவரி அச்சிட்ட காகிதம் மூலைக்கு மூலை ஒட்டிக்கொண்டிருக்கும். உரித்தால் பாதி வரும், பாதி நாராகக் கிழிந்து நிற்கும். அந்த இடத்தையே கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொடுங்கள் என்பது நிறுவனத்தின் யோசனை. காகிதம் உருகாது, கருகும். கருகிய துகள், கவர்களை உருக்கிச் செய்யும் மணிகளான குருணையில் புள்ளியாகத் தங்கும் என்பதால் அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கூரியர் நிறுவனங்கள் முகவரியைப் பாலித்தீன் ஒட்டுத்தாளில் அச்சிட்டிருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதி யாருக்கும் இருந்திருக்காது. வடிவமைப்பவர் மேசையில் சில நிமிடத்தில் முடிக்கக்கூடியதை வாடிக்கையாளர் வீடுகளில் கத்தரிக்கோலோடு உட்கார வைத்துச் செய்வது வேடிக்கையான ஏற்பாடு.

சந்தாதாரர்களுக்கு நிறுவனம் தன் சேகரிப்பிலிருந்து செய்த குப்பைப் பைகளைச் சுருளாக அனுப்புகிறது. அவற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தேன். நிறம் கரும்பச்சை கலந்த கறுப்பு. பல நிற மையும் அச்சும் கொண்ட கவர்களை ஒன்றாக உருக்கினால் வருவது ஒரு மங்கிய சாம்பல் என்பதால், அதை மறைக்கக் கறுப்பு நிறமி சேர்ப்பது எங்கும் வழக்கம். ஒரு பையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால், சீரான கறுப்பின் நடுவே கடுகைவிடச் சிறிய முடிச்சுகள் தெரிகின்றன. சில முடிச்சுகளைச் சுற்றித் தாள் மெலிந்து வெளிச்சம் கசிகிறது. உருகாமல் தங்கிய பிசினும் வலையைத் தப்பிய துகளுமே அவை. கிழிசல் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் தொடங்குகிறது. முகர்ந்தால் சோப்பும் பழைய மையும் கலந்த ஒரு வாடை, சுருளைப் பிரித்த அன்று தூக்கலாகவும் பிறகு மங்கியும் இருக்கிறது. ஆலையில் உருகிய பிசினிலிருந்து ஆவியை வெற்றிடத்தால் உறிஞ்சி எடுப்பார்கள் என்றாலும், மை விட்ட வாசனையை முழுதாக வெளியேற்றுவது கடினம்.

இதையெல்லாம் மீறிப் பை நன்றாகவே உழைக்கிறது. அடித்தையல் உறுதியாக இருக்கிறது. உலர்ந்த குப்பையை நிரப்பித் தூக்கினால் கழுத்து நீண்டு கொடுக்கிறதே தவிர அறுந்து விழவில்லை. ஈரக் குப்பைக்கும் கூரான பொருளுக்கும் இதை நம்ப வேண்டாம். புதுப் பிசினில் செய்த பையைவிடத் தடித்திருக்கிறது. மறுசுழற்சியில் பாலித்தீனின் வலு கொஞ்சம் குறைவதைத் தடிமனால் ஈடுகட்டுகிறார்கள் என்று தெரிகிறது. எனக்கு இருக்கும் மனக்குறை பையின் தரத்தைப் பற்றியது அன்று. கவரைக் குப்பைப் பையாக்கினால் அது ஒரே ஒரு முறை கூடுதலாகப் பயன்பட்டு, குப்பையோடு சேர்ந்து புதைக்கப்படும் அல்லது எரிக்கப்படும். இதே குருணையை மரத்தூளோடு கலந்து தரைப் பலகையாக வார்த்தால் வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடக்கும். கூடுதல் சுத்தமான, நிறமற்ற தாள்களைத் தனியே பிரித்தால் மீண்டும் பொதித்தாளாகவே ஆக்கலாம். குப்பைப் பை செய்வது எல்லாவற்றிலும் எளிது, அழுக்கைப் பொறுத்துக்கொள்வது. நிறுவனம் அங்கேயே நின்றுவிடாமல் இருக்க வேண்டும்.

முக்கியமான குறைக்கு வருகிறேன். எடை விவரம் ஒழுங்காக வருகிறதே ஒழிய, அந்த எடை எங்கே போனது என்பது வருவதில்லை. குருணையை வாங்கும் ஆலை எது என்று கேட்டு எழுதினேன். சுற்றுச்சூழலில் தங்களுக்குள்ள அக்கறையைப் பற்றி ஒரு நீண்ட பதில் வந்தது. மறுபடி எழுதியபோது, ஆலையின் பெயர் இல்லாமல் அங்கே நடக்கும் வேலைகளின் விவரம் மட்டும் வந்தது. இதில் நான் விடாப்பிடியாக இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பெரிய பல்பொருள் அங்காடிகளின் வாசலில் பெட்டி வைத்து மென்மையான நெகிழியைச் சேகரித்து வந்த ரெட்சைக்கிள் என்ற திட்டம், 2022 நவம்பரில் திடீரென்று நிறுத்தப்பட்டது. மக்கள் நம்பிக்கையோடு கொண்டுவந்து போட்டதில் சுமார் 11,000 டன் கிடங்குகளில் அடுக்கிக் கிடந்தது பிறகு வெளிப்பட்டது. சேகரிப்பு நாளுக்கு நாள் பெருக, அதை வாங்கிப் பயன்படுத்தும் ஆலைகளின் திறன் பெருகவில்லை. ஓர் ஆலையில் நேர்ந்த தீ விபத்து நிலைமையை மேலும் மோசமாக்கியது. அமெரிக்காவில் 2023இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் கடைகளின் கவர்ப் பெட்டிகளில் இடமறியும் கருவி வைத்த 46 கட்டுகளைப் போட்டுத் தொடர்ந்து பார்த்தபோது, மறுசுழற்சியோடு தொடர்புடைய இடங்களைச் சேர்ந்தவை நான்கே; பாதி, குப்பை மேட்டிலும் எரியுலையிலும் போய் நின்றன. இரண்டு நிகழ்விலும் பொதுமக்கள் தங்கள் பங்கைச் செய்திருந்தார்கள், பெட்டிகளும் நிரம்பின. முடிச்சு விழுந்தது பெட்டிக்கு அந்தப் பக்கத்தில்.

நான் பயன்படுத்தும் சேவை அப்படிப்பட்டது என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை; நேர்மாறாக, விற்க முடியாததை வாசலிலேயே மறுக்கிறது என்பது விற்க ஓர் இடம் இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. எடையை மட்டும் காட்டி நன்கொடையோ சந்தாவோ வாங்குபவர்களுக்கு எதைப் போட்டாலும் சம்மதமாக இருக்கும், பை கனத்தால் போதும். குருணை வாங்கும் ஆலைக்காரர் திட்டுவாரே என்ற பயம் இருப்பவர்தான் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். ஆனாலும் அறிகுறி ஆவணத்துக்கு ஈடாகாது. எத்தனை கிலோ சேர்ந்தது, எத்தனை கிலோ கழிவாக ஒதுக்கப்பட்டது, மீதி யாரிடம் எந்தப் பொருளாக மாறியது என்ற மூன்று விவரங்களும் சந்தாதாரருக்குத் தெரிய வேண்டும்.

துண்டறிக்கையின் பின்பக்கத்தில் கடலாமை படம் போட்டு, நீங்கள் தரும் ஒவ்வொரு கவரும் கடலைக் காக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். முன்பக்கத்தை எழுதியவர் இதைப் படித்திருந்தால் அடித்திருப்பார். வீட்டுக்குள் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்ட கவர் கடலுக்குப் போகும் வாய்ப்பு குறைவு. வடிகாலை அடைப்பதும் ஆற்றில் மிதப்பதும் பெரும்பாலும் வீதியில் வீசப்பட்டவையும் திறந்த குப்பை மேட்டிலிருந்து காற்றில் பறந்தவையுமே. வங்கதேசம் 2002இல் மெல்லிய பாலித்தீன் பைகளை உலகிலேயே முதல் நாடாகத் தடை செய்தது, வடிகால்களை அவை அடைத்து வெள்ளத்தைப் பெரிதாக்கியதால். அதைச் சேகரிப்புச் சேவையால் தீர்த்திருக்க முடியாது. இந்தச் சேவையால் கிடைக்கும் நன்மை அடக்கமானது, ஆனால் உண்மையானது: காற்றில் பறக்கக்கூடிய ஒரு பொருள் வாய் கட்டிய பையில் வீட்டிலிருந்து ஆலை வரை போகிறது, அங்கே அந்த அளவுக்குப் புதுப் பிசினின் தேவையைக் குறைக்கிறது. ஆலையில் துண்டாக்கிக் கழுவும்போது நுண்துகள்கள் நீரில் கலக்கும் என்பதால், அந்த நீரை எப்படி வடிகட்டுகிறார்கள் என்பதையும் கேட்டு வாங்க வேண்டிய விவரங்களில் சேர்க்கலாம்.

யார் சேரலாம்? சாதாரணக் கைப்பிடிப் பை ஒன்றின் எடை 5 அல்லது 6 கிராம்தான். ஆயிரம் பை சேர்ந்தாலும் ஐந்தாறு கிலோவைத் தாண்டாது. கவர் குறைவாகச் சேரும் சிறு வீட்டுக்காரர் வண்டி அனுப்ப வைப்பதைவிட, ஏதேனும் கடை வாசலில் நம்பகமான பெட்டி இருந்தால் அங்கே போடுவது மேல். இணையத்தில் அடிக்கடி பொருள் வாங்கிக் கூரியர் கவர்கள் குவியும் வீடுகளுக்கும், பெட்டிகளைச் சுற்றி வரும் தாளை மூட்டை மூட்டையாகக் கழிக்கும் சிறு கடைகளுக்கும், அலுவலகங்களுக்கும் இது பொருத்தமான சேவை. கடைகளின் தாள் பெரும்பாலும் நிறமற்றதும் அச்சில்லாததும் அழுக்குப் படாததுமாக இருப்பதால், ஆலைகள் முதலில் விரும்புவதும் அதைத்தான்.

சந்தாவை அடுத்த காலத்துக்கும் புதுப்பித்திருக்கிறேன். குருணையை வாங்கும் ஆலையின் பெயரும் கழிவாக ஒதுக்கிய எடையும் வரும் ஆண்டறிக்கையில் வெளியாகும் என்று கடைசியாக வந்த பதிலில் எழுதியிருக்கிறார்கள். அறிக்கை வந்ததும் அந்த விவரங்களை இந்த மதிப்புரையில் சேர்த்துவிடுகிறேன்.